மைனா அக்கா அனுப்பினாங்க!

பச்சைக்கிளி ஒன்று முட்டையிட இடம் தேடி ஓடைக்கரையெங்கும் அலைந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

எதிரே மைனா வந்தது. "என்னடி கிளி, இப்படிப் பறக்காப் பறக்குற?"

"பொந்து வேணும் அக்கா! மழைக்கு முன்னாடி முட்டை வைக்கணும்!"

"அட, இதுக்கா? நம்ம மரங்கொத்தி இருக்காரே! தங்கமான அலகு! நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லு. பார்த்துச் செய்வார்!"

மரங்கொத்தி வேப்பமரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. டொக்! டொக்!

"மைனா அக்கா அனுப்பினாங்க!" என்றது கிளி.

மரங்கொத்தியின் முகம் சுருங்கியது. சட்டென்று பக்கத்து முருங்கைக்குத் தாவித் தட்டியது. டொப். டொப்.

"என்ன அண்ணே, அது 'டொக்'குங்குது, இது 'டொப்'புங்குது?"

"இது குளிர்ச்சியான மரம்மா! குஞ்சுக்கு நல்லது!"

கிளி நம்பியது. சேர்த்துவைத்த அத்திப்பழம் முழுவதையும் கொடுத்தது. பொந்தில் முட்டையிட்டு, குஞ்சுகளுக்குப் பேர்கூட யோசித்தது.

மழை வந்தது. கிளை முறிந்தது. முட்டைகள் பாறையில் விழுந்து உடைந்தன.

"ஐயோ அண்ணே! அக்கா பேரைச் சொல்லித்தானே வந்தேன்!" என்று மரங்கொத்தியிடம் போய் அழுதது கிளி.

"சொன்னதுதாம்மா வினை! உன் பழத்துல பாதி அவ வீட்டுக்குப் போயிருச்சு. மிச்சத்துக்கு வேம்பைக் குடையக் கட்டுப்படியாகுமா? நீயா வந்திருந்தா வேம்புலதான் போட்டிருப்பேன்!"

கிளி மைனாவிடம் பறந்தது.

"நானா மரத்தைக் கொத்தினேன்?" என்றது மைனா. "வாயால ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்! பழம் அவரா அன்பா அனுப்பினது!"

"உங்க பொந்து எந்த மரத்துல அக்கா?"

மைனா வானத்தைப் பார்த்தது. "வேம்புல," என்று முனகியது.

அப்போது ஆந்தை ஒன்று வந்தது. "ஊ... பொந்து கொத்த நல்ல ஆள் யாருங்க?"

"போகாதே! கீ! கீ! போகாதே!" என்று கிளி அலறியது.

"பாவம், முட்டை போன துக்கத்துல உளறுது," என்றது மைனா. "நீ மரங்கொத்திகிட்ட போம்மா. நான் அனுப்பினேன்னு சொல்லு!"

ஆந்தை கிளியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பறந்தது.

சற்று நேரத்தில் முருங்கைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

டொப். டொப். டொப்.

கைகாட்டி விடுவதற்கே ஒருவர் பங்கு வாங்கினால், அந்தப் பங்கை வேலைக்காரர் வேலையில் கழிப்பார். நம்பி வந்தவர் உயிரில் இழப்பார்.