வாசலில் மாட்டிய பலகை

மலையடிவாரத்து மடத்தில் தினமும் மதியம் வருகிறவர்களுக்குச் சோறு போடுவார்கள். சில நாள் ஆட்கள் வந்துகொண்டே இருக்கும்போது அண்டா காலியாகிவிடும். அதற்கு மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்று பரிமாறியவர் வாசலுக்குப் போய்த் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சோறு ஏன் தீர்ந்தது என்று சொல்ல வேண்டும். வந்தவர் திட்டி முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். பசியோடு வந்தவரின் திட்டு லேசில் முடியாது.

குலசேகரனுக்கு அந்த வேலை ஆகவே ஆகாது. ஐம்பது வயதுக்கு மேல் சீடராக வந்து சேர்ந்தவர். மடத்தின் குரு உலகம்மை அவரைவிட இளையவர்.

முன்பு குலசேகரன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவின் தலைவர். அங்கே தீவிர சிகிச்சைப் படுக்கைகள் குறைவு, நோயாளிகள் அதிகம். யாருக்குப் படுக்கை என்று முடிவு செய்ய ஒரு மென்பொருளை உருவாக்கினார். பழைய நோயாளிகளின் விவரங்களைப் படித்து அது தானாகவே கற்றுக்கொண்டது. இனி யாரும் தங்கள் வாயால் இல்லை என்று சொல்ல வேண்டாம். டாக்டர்களுக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஒருநாள் பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்கு இடமில்லை என்றது அந்த மென்பொருள். கணவர் சுடலைமுத்து ஏன் என்று கேட்டார். சிஸ்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார் குலசேகரன். வேறு ஊருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அவள் இறந்துபோனாள்.

பிறகு அவர் அந்த மென்பொருளைக் குடைந்து குடைந்து பார்த்தார். உள்ளே எண்கள்தான் இருந்தன. காரணம் என்று ஒன்றும் அகப்படவில்லை. சுடலைமுத்து இன்னமும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்காருகிறார் என்று தெரிந்தபோது, வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். ஓடிவந்தார் என்று சொல்வதுதான் சரி.

நடந்ததையெல்லாம் சொல்லி, அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று வந்த அன்றே உலகம்மையிடம் கேட்டார். உலகம்மை அதற்குப் பதிலாக அவருக்குப் பரிமாறும் வேலையைக் கொடுத்தார்.

மழை விடாமல் பெய்த ஒரு மதியம் சோறு தீர்ந்துவிட்டது. வாசலில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். குலசேகரன் ஒரு பலகையில் ‘இன்று இல்லை’ என்று எழுதி, கதவில் மாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நனைந்தபடி போய்விட்டாள்.

அந்தியில் சீடர்கள் ஒவ்வொருவராக உலகம்மையின் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். குலசேகரனின் முறை வந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் எழுதிய பலகை அதில் தொங்கியது. உள்ளே விளக்கு எரிந்தது. கூரைத் தண்ணீர் தோளில் சொட்டச் சொட்ட அவர் நின்றார். முதலில் வெட்கமாக இருந்தது. போகப் போகக் கோபம் வந்தது. கதவைத் தட்டினார்.

“எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?”

“என்னை ஏன் கேக்கிறீங்க? அங்க எழுதியிருக்குல்லா.”

“பலகை என்னம்மா பதில் சொல்லும்?”

கதவு திறந்தது. உலகம்மையின் முகத்தில் கோபம் இல்லை. அழுதிருந்தார் போலிருந்தது.

“அந்தப் பொண்ணு போறத நானும் பார்த்தேன். எதுக்குப் பலகைய மாட்டினீங்க?”

குலசேகரன் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அவ முகத்தப் பார்த்து இல்லன்னு சொல்ல முடியல.”

காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பி, சுடலைமுத்துவைப் போய்ப் பார்க்கச் சொன்னார் உலகம்மை.

“அந்த சிஸ்டம் ஏன் இல்லன்னு சொல்லிச்சுன்னு எனக்கே தெரியாதும்மா. அவர்கிட்ட போய் என்னத்தச் சொல்ல?”

“அது உங்களுக்குத் தெரியாது, சரி. அந்த சிஸ்டத்தக் கொண்டுபோய் எதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தினீங்கன்னு தெரியும்லா. இப்பதான சொன்னீங்க. அதச் சொல்லுங்க. உங்க பேரையும் சொல்லுங்க. அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க.”

குலசேகரன் பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அவர் திட்டலைன்னா?”

“அப்பவும் நிக்கணும்.”