கரடி தொட்ட தலைத்துணி

காக்கசஸ் மலைச் சரிவில், செச்சென் காட்டில் ஓநாய்கள் வாழ்ந்தன. அவற்றுக்கு அரசன் கிடையாது. ஒவ்வொரு குகைக்கும் அந்தக் குகை ஓநாயே ராஜா. வடக்குச் சமவெளியில் ஒரு பெரிய கரடி இருந்தது. எல்லாக் காட்டுக்கும் தானே ராஜாவாக வேண்டும் என்று அதற்கு ஆசை.

கரடி படையோடு வந்தது. பீச் என்னும் உயர்ந்த காட்டு மரங்கள் நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் இரண்டு கண்கள் தெரிந்தன.

“ஓநாய்களை எண்ண முடியவில்லை, ராஜா!” என்றது மந்திரி காட்டுப்பன்றி.

“அப்படியானால் மரங்களை எண்ணு. எண்ணியதையெல்லாம் வெட்டு!”

முப்பது வருடம் வெட்டினார்கள். சரிவு மொட்டையானது. ஓநாய்கள் இன்னும் மேலே ஏறிக்கொண்டன. அங்கிருந்து இறங்கி வந்து கடித்தன.

பிறகு ஒரு பனிக்காலத்தில், கரடி எல்லா ஓநாய்களையும் குட்டிகளோடு வளைத்துப் பிடித்தது. மரமே இல்லாத தூரத்துப் பொட்டலில் கொண்டுபோய்த் தள்ளியது. பல ஓநாய்கள் வழியிலேயே செத்தன. பதின்மூன்று பனிக்காலம் கழித்து மிஞ்சியவை திரும்பி வந்தன. அவற்றின் வாயில் இரை இல்லை. பொட்டலில் செத்துப்போன உறவுகளின் எலும்புகளைக் கவ்விக்கொண்டு வந்தன. அவற்றை மலையில் புதைத்த பிறகுதான் தூங்க இடம் தேடின.

கரடி விடவில்லை. இந்த முறை காட்டுக்குத் தீ வைத்தது. ஓநாய்கள் அதை ஒருமுறை விரட்டியடித்தன. அது மறுபடியும் தீப்பந்தத்தோடு வந்தது.

“இந்தப் பயல்களை என்னதான் செய்வது?” என்று கரடி அலுத்துக்கொண்டது.

“நாம் கடித்தால் அவர்கள் ஒன்றுசேர்கிறார்கள், ராஜா. ஓநாயை ஓநாயே கடித்தால்?” என்றது காட்டுப்பன்றி.

அந்த மலையில் வாஹா, சுலிம் என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். வாஹாவுக்கு நான்கு குட்டிகள். மூன்று தீயில் போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்று புகையைக் குடித்து ஓயாமல் இருமியது.

கரடி வாஹாவுக்கு ஒரு குடம் தேன் அனுப்பியது. “இனி இந்த மலைக்கு நீதான் தலைவன். தீ வைக்க மாட்டேன். ஆனால் உன் தம்பி சுலிம் இன்னும் என் ஆட்களைக் கடிக்கிறான். அவனை முடித்துவிடு!”

வாஹா குடத்தைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. குட்டிக்குத் தேனை நக்கக் கொடுத்துவிட்டு எழுந்து நடந்தது.

ஓடைக்கரையில் சுலிம் நின்றிருந்தது. மேட்டில் ஒரு வெட்டுமரத்து அடிக்கட்டையில் கரடி வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மந்திரி.

“வாயைத் துடைத்துக்கொள், அண்ணா. தேன் ஒட்டியிருக்கிறது!” என்றது சுலிம்.

“துடைக்கிறேன். உன் மானத்தில் கொஞ்சம் அரைத்துக் கொடு. என் குட்டியின் இருமலுக்குப் போடுகிறேன்!”

“கரடியிடம் வால் ஆட்டப் பழகிவிட்டாயா?”

“ஆட்ட எனக்கு வாலாவது மிச்சம் இருக்கிறது. உன் பின்னால் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை!”

இரண்டும் பாய்ந்தன. ஓடைத் தண்ணீர் சிவந்தது. அந்த நேரத்தில் வாஹாவுக்குத் தங்கையும் சுலிமுக்கு அக்காவுமான ஐஸான் மூச்சிரைக்க ஓடி வந்தது. அது அழவில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் கேட்கவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இருவருக்கும் நடுவில் எறிந்தது.

அந்த மலையில் ஒரு வழக்கம். ஒரு பெண் தன் தலைத்துணியை நடுவில் போட்டுவிட்டால், எப்படிப்பட்ட சண்டையும் நின்றாக வேண்டும். தம்பியின் கழுத்தில் இறங்கியிருந்த பல்லை வாஹா வெளியே எடுத்தது.

“எடு அதை, தங்கச்சி!”

“எடுக்க மாட்டேன்.”

“அக்கா, இவன் கரடியின் ஆள்!” என்று கத்தியது சுலிம்.

“இருக்கட்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். ஒரே தம்பி.”

இரண்டும் உறுமிக்கொண்டே துணிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. யாரும் தாண்டவில்லை.

“ஏன் நிறுத்திவிட்டார்கள்?” என்றது கரடி.

“நடுவில் ஒரு துணி விழுந்துவிட்டது, ராஜா.”

“துணியா! ஒரு காட்டையே வெட்டி எடுத்தவன் நான். ஒரு துணியை எடுக்க முடியாதா?”

கரடி இறங்கி வந்தது. துணியை நகத்தால் தூக்கி ஓடையில் எறிந்தது. “ம், இனிமேல் கடியுங்கள்!”

ஐஸான் வெறும் தலையோடு நின்றது. அண்ணனும் தம்பியும் அந்தத் தலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணா, இடது காலா, வலது காலா?”

“நீ இடது!”

கரடி போட்ட சத்தம் சமவெளிவரை கேட்டது. மந்திரி அதற்கு முன்பே சமவெளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தப் பனிக்காலத்தில் காட்டில் தீ எரியவில்லை. கரடி மறுபடியும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வாஹாவும் சுலிமும் அன்றைக்கே அடுத்த வாதத்தை ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் வாதாடிக்கொண்டே இருவரும் ஓடையில் இறங்கி, கல்லில் சிக்கியிருந்த துணியை எடுத்துப் பிழிந்து அவளிடம் கொடுத்தார்கள்.

தன் வீட்டுச் சண்டையைத் தானே நிறுத்தத் தெரிந்த கூட்டத்தை, எவ்வளவு பெரிய படையாலும் வெகுநாள் அடக்கி ஆள முடியாது.