அரண்மனைக் கதவைக் கழற்றிய புகார்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் மனம் வருந்துவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடவேண்டிய ஒரு நாட்டில், வழக்கு என்றாலே கொட்டாவி விடும் மன்னர் ஒருவர் இருந்தார்.

மற்றபடி நல்லவர். கொடுக்கும் கை. ஆனால் புகார் கொடுத்தவர் பேசி, புகாருக்கு ஆளானவர் பேசி, சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள், உள்ளே இலையில் சாதம் ஆறிப்போகும். ஒருநாள் நெய்யே உறைந்துவிட்டது. மன்னர் இலையைப் பார்த்தார். எழுந்து நேராகச் சபைக்கு வந்தார்.

"இனி இந்த நாட்டில் விசாரணை கிடையாது. குற்றம் செய்யாதவன் மேல் யார் வந்து புகார் கொடுக்கப் போகிறார்கள்? புகார் வந்ததா, தண்டனை கொடு. முடிந்தது."

பிரதானி வைரவநாதர் கைகட்டி முன்னால் வந்தார். "அற்புதமான யோசனை, அரசே! இன்றே சட்டமாக எழுதிவிடுகிறேன்" என்றார்.

அந்த நாட்டில் களவு நிரூபணமானால் ஒரு தண்டனை உண்டு. களவாடியவன் வீட்டு வாசல் கதவைக் கழற்றி, அதில் அவன் பெயரைக் கரியால் எழுதிச் சந்தையில் நிறுத்திவிடுவார்கள். அதன்பிறகு அந்த வீட்டுக்குக் கதவு கிடையாது. கதவில்லா வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். கதவென்றால் நாலு பலகையும் இரண்டு கீலும் என்று நினைப்பவர்களுக்கு இது விளங்காது. மானத்தோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு விளங்கும்.

பிரதானி எழுதிய சட்டம் மறுநாள் வாசிக்கப்பட்டது: "யார்மீது களவுப் புகார் பதிவாகிறதோ அவர், எவராயினும், குற்றவாளியே ஆவார். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுக் கதவுகள் கழற்றப்படும்."

'எவராயினும்' என்ற சொல் கம்பீரமாக இருக்கிறது என்று பிரதானியே சேர்த்தது. வாசல் கதவு என்று இருந்ததைக் 'கதவுகள்' என்று மாற்றியதும் அவர்தான். அப்போதுதான் பயம் இருக்கும் என்றார்.

சபையில் விகடகவி இடங்கொண்டான் எழுந்தான். மன்னர் அவன் பேச்சுக்குச் சிரிப்பார், அவன் சொல்லுக்குச் செவியும் கொடுப்பார். பிரதானிக்கு வயிறு எரிவது அதனால்தான்.

"அரசே, குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. முன்னவர் மேல் இருப்பது ஒருவர் சொன்ன சொல். பின்னவர் மேல் இருப்பது நிரூபணம். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதற்குத்தான் நீதிமன்றம் என்று பெயர். நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால்..."

"சாதம் சூடாக இருக்கும்" என்றார் மன்னர்.

"விகடகவியாருக்குத் திடீரென்று சொந்த வீட்டுக் கதவு நினைவுக்கு வந்துவிட்டது போலும்" என்றார் பிரதானி. சபை சிரித்தது.

மூன்றாம் நாள் மன்னரின் தங்கப் படிக்கத்தைக் காணவில்லை. தாம்பூலம் போட்டுத் துப்புகிற பாத்திரம்தான், ஆனாலும் தங்கம். படிக்கம் ஏந்தும் பணியாளன் பூவணனைப் பிரதானி கையோடு அழைத்துப் போய் இடங்கொண்டான்மேல் புகார் எழுதவைத்தார். எழுத்தர் பதிவு செய்தார். அரை நாழிகையில் தச்சர்கள் இடங்கொண்டான் வீட்டு வாசலில் நின்றார்கள்.

அவன் மனைவி வடிவம்மை கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னய்யா பண்றீங்க? யாரு வீட்டுக் கதவுன்னு தெரிஞ்சுதான் கையை வைக்கிறீங்களா?"

"சட்டம் தாயி. நாங்க என்ன பண்ணட்டும்? களவுப் புகார் வந்திருக்கு" என்றார் தலைமைத் தச்சர்.

"விசாரிச்சாங்களா?"

"இப்பல்லாம் விசாரிக்கிறதில்ல தாயி."

முன்கதவு போயிற்று. கொல்லைக் கதவு போயிற்று. சமையலறைக் கதவும் போயிற்று. அடுத்த தெரு ஆடு உள்ளே வந்து, ஊறவைத்திருந்த உளுந்தைத் தின்றது. வடிவம்மை ஆட்டையும் துரத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு மூன்றே நாள் இருந்தது.

இடங்கொண்டான் வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சந்தை வழியாத்தான் வருவாங்க. நம்ம கதவு அங்க நிக்குது, உங்க பேரோட."

"பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். எழுத்துப் பிழைகூட இல்லை" என்றான் அவன்.

"உங்களுக்கு இப்பவும் வெளையாட்டா?"

"இல்லை வடிவு. இனிமேல்தான் விளையாட்டு." சொல்லிவிட்டு நேரே புகார் எழுதும் எழுத்தரிடம் போனான்.

"ஐயா, ஒரு களவுப் புகார். என் வீட்டில் மூன்று கதவுகளைக் காணவில்லை."

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "அவை சந்தையில் இருக்கின்றனவே."

"இருக்கின்றன. களவு என்றால் என்ன ஐயா?"

"பிறர் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுத்துப் போவது."

"பொருள் என்னுடையது. சம்மதம் நான் கொடுக்கவில்லை. எடுத்தாகிவிட்டது. பொருள் இருக்கும் இடமும் தெரியும். எழுதுங்கள். முதலாம் எதிரி, ஆணையிட்ட மன்னர். இரண்டாம் எதிரி, உடந்தையாகச் சட்டம் எழுதிக் கொடுத்த பிரதானி வைரவநாதர்."

எழுத்தரின் எழுத்தாணி நின்றது. "ஐயையோ! மன்னர் மேலா?"

"சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? படியுங்கள்."

எழுத்தர் படித்தார். 'எவராயினும்' என்ற இடத்தில் இரண்டு முறை படித்தார். முப்பது வருடமாக எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து பழகியவர். அன்று பொழுது சாய்ந்துவிட்டதால், மறுநாள் தேதியிட்டுப் பதிவு செய்தார்.

மறுநாள் காலை மன்னர் எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். கதவு லேசாக ஆடியது. பிறகு வெளிச்சம் வந்தது. கதவைக் காணோம்.

"யாரங்கே!"

"நாங்கதான் எசமான், தச்சருங்க" என்றார் தலைமைத் தச்சர், முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு. "நீங்க குளிங்க. நாங்க இன்னும் அறுபத்துமூணு கதவு கழட்டணும்."

பொழுது உச்சிக்கு வருவதற்குள் அரண்மனை சத்திரம் போல ஆகிவிட்டது. மளிகை வைக்கும் உக்கிராண அறையில் குரங்குகள் வாழைத்தாரைப் பங்கு பிரித்தன. அந்தப்புரத்துக்குள் ஒரு வளையல்காரர் கூவிக்கொண்டே நடந்து போனார். சிங்காதனத்தின் எதிரே கோயில் காளை படுத்து அசைபோட்டது. கோயில் காளை என்பதால் காவலர்கள் விரட்டவும் துணியவில்லை. மன்னர் ஈரத்தலையோடு அதைச் சுற்றிக்கொண்டு போய் ஆசனத்தில் உட்கார்ந்தார்.

"இடங்கொண்டானை இழுத்து வாருங்கள்!"

அவன் நடந்தே வந்தான். வணங்கினான்.

"அடே, நான் உன் கதவைத் திருடினேனா?"

"புகார் பதிவாகியிருக்கிறது, அரசே."

"புகார் பதிவானால் போதுமா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? என் பக்கத்து நியாயம் என்ன, சாட்சி யார், எதையும் விசாரிக்காமல் என் வீட்டுக் கதவைக் கழற்றுவதா? இது எந்த ஊர் முறை?"

இடங்கொண்டான் தலை குனிந்து நின்றான். காளை பெருமூச்சு விட்டது.

மன்னருக்குத் தாம் சொன்னது தமக்கே கேட்டது. தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சரி. விசாரிப்போம். முதலில் உன் வழக்கு. புகார்தாரன் பூவணன் கூண்டில் ஏறட்டும். உன்னை நிரபராதி என்று நீ நிரூபி, பார்க்கலாம்."

"மன்னிக்கவேண்டும் அரசே. நான் திருடினேன் என்று சொன்னவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். எடுக்காததை எடுக்கவில்லை என்று காட்ட நான் எதைக் கொண்டுவருவது? சாட்சியிடம் குறுக்குக் கேள்வி கேட்க அனுமதி கொடுத்தால் போதும்."

"கொடுத்தேன். சீக்கிரம் கேள். இலை போட்டுவிட்டார்கள்."

பூவணன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பூவணா, நான் படிக்கத்தை எடுத்ததை நீயே கண்ணால் பார்த்தாயா?"

"பாத்தேன் சாமி. சபை நடுவுலயே தோள்துண்டுக்குள்ள மறைச்சு, வடக்கு வாசல் வழியாப் போனீங்க."

"துண்டு என்ன நிறம்?"

"வெள்ளை சாமி. பளிச்சுன்னு இருந்துச்சு."

"வாசலைத் தாண்டும்போதும்?"

"அப்பவும் பளிச்சுன்னுதான்."

"நல்ல கண். அன்று காலை மன்னர் எத்தனை தடவை தாம்பூலம் போட்டார்?"

பூவணன் தன் வேலையைப் பற்றிய கேள்வி என்பதால் நிமிர்ந்து நின்றான். "பதினோரு தடவை."

"படிக்கத்தை எப்போது கொட்டுவாய்?"

"சபை கலைஞ்ச பெறகுதான். நடுவுல கொட்டுறது மரியாதை இல்லைங்களே."

"அப்படியானால் நான் எடுத்தபோது?"

"விளிம்பு வரைக்கும்..." என்ற பூவணன் வாயை மூடிக்கொண்டான்.

இடங்கொண்டான் தன் வெள்ளைத் துண்டைக் கழற்றி அவனிடம் நீட்டினான். பிரதானியின் பித்தளைப் படிக்கம் பக்கத்தில் இருந்தது. அதுவும் விளிம்பு வரைக்கும்தான். "இதை மறைத்துக்கொண்டு வடக்கு வாசல் வரைக்கும் நட, அப்பா."

பூவணன் நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டில் துண்டு சிவந்தது. ஆறாவதில் மார்பு, ஏழாவதில் வேட்டி. காளையைக் கடக்கும்போது அது தலையைத் தூக்கியது, பூவணன் துள்ளினான், மிச்சமிருந்ததெல்லாம் முதல் வரிசையில் அமர்ந்திருந்த பிரதானியின் பட்டு அங்கியில் போய் விழுந்தது.

மன்னருக்குச் சிரிப்பு முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பாக்கல சாமி!" என்று பூவணன் அழுதான். "பிரதானியார்தான் பாத்தாராம். நான் பாத்ததாச் சொல்லச் சொன்னாரு."

"பொய்!" என்று பிரதானி எழுந்தார். அங்கியிலிருந்து சொட்டியது.

"இருக்கலாம்" என்றான் இடங்கொண்டான். "அரசே, இப்போது தங்கள் மனத்தில் என்ன இருக்கிறது?"

"சந்தேகம்தான் இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது என்றே தெரியவில்லை."

"அந்தச் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகவேண்டும். அதுதான் முறை."

"போகட்டும். உனக்கு விடுதலை." மன்னர் எழப்போனார்.

அந்த நேரம் தலைமைத் தச்சர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கையில் தங்கப் படிக்கம்.

"எசமான், ரெண்டாம் எதிரி பிரதானியாரு வீட்டுல பூசையறைக் கதவு ரொம்ப கெட்டி. இப்பத்தான் கழண்டுச்சு. இது அந்தக் கதவுக்குப் பின்னால சாமி மாதிரி உக்காந்திருந்துச்சு. பூசையறையில எச்சில் பாத்திரம் எதுக்குன்னு எங்களுக்கே மனசு கேக்கல."

சபை கொந்தளித்தது. மன்னர் கையை ஓங்கினார். "குற்றவாளி அகப்பட்டான்! கட்டுங்கள் இவனை! இவன் கதவுகள் எல்லாம் சந்தைக்குப் போகட்டும்!"

"பொறுங்கள், அரசே." இடங்கொண்டான் நடுவில் வந்து நின்றான். "அகப்பட்டிருப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றவாளி அல்ல. படிக்கம் ஒரு சான்றுப்பொருள். அது எப்படி அங்கே போயிற்று என்று அவர் பேசட்டும். தயாரித்துக்கொள்ள நாள் வேண்டுமென்றால் கொடுங்கள். அதுவரை காவலில் வைக்காமல் பிணையில் விடுங்கள்."

"இவனுக்கு யாரடா பிணை நிற்பான்?"

பிரதானி சபையைச் சுற்றிப் பார்த்தார். நேற்றுவரை அவர் பேச்சுக்குச் சிரித்தவர்கள் எல்லோருக்கும் காளையைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது.

"நான் நிற்கிறேன்" என்றான் இடங்கொண்டான். "விசாரணை நாளில் இவர் வரவில்லையென்றால், இவருக்குள்ள தண்டனை எனக்கு. ஈடாகக் கொடுக்கக் கதவுதான் இல்லை. பெயர் இருக்கிறது."

வைரவநாதர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "விசாரணை வேண்டாம் அரசே. நானேதான் எடுத்து மறைத்தேன்."

"இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அரசே" என்று இடங்கொண்டான் அவர் பக்கம் திரும்பினான். "ஐயா, யாராவது தங்களை மிரட்டினார்களா? ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவதாக ஆசை காட்டினார்களா?"

"ஒருவரும் இல்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது."

"அப்படியென்றால் இது ஒப்புதல் வாக்குமூலம். எழுத்தரே, எழுதிக்கொள்ளுங்கள். அரசே, இப்போது சொல்லலாம். இவர் குற்றவாளி."

மன்னருக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் குரங்குகள் வாழைத்தாரைப் போட்டுவிட்டு ஓடின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கதவு போனபிறகுதான் எனக்கு விசாரணை நினைவு வந்தது. அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போடுங்கள்! தண்டனையை நீயே சொல், இடங்கொண்டான்" என்றார்.

"தண்டனை தீர்ப்புச் சொல்பவருடையது, அரசே. ஒன்று மட்டும் விண்ணப்பம். குற்றம் இவருடையது. கதவுகள் இவர் வீட்டுப் பெண்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து உள்ளவை."

மன்னர் தலையசைத்தார். இனி எவர் வீட்டுக் கதவும் சந்தைக்குப் போகாது என்றார். பிரதானிப் பதவியை ஓராண்டுக்குப் பறித்தார். "உனக்கு என்ன வேண்டும்? இந்தத் தங்கப் படிக்கத்தையே வைத்துக்கொள்."

"தாங்கள் துப்பியது தங்களிடமே இருக்கட்டும், அரசே. என் கதவுகள் ஊர் பார்க்கப் போயின. ஊர் பார்க்கத் திரும்பி வரவேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்."

அவ்வாறே ஆயிற்று. மறுநாள் பட்டப்பகலில், சந்தையிலிருந்து மேளதாளத்தோடு ஊர்வலம் புறப்பட்டது. முன்கதவின் ஒரு முனையை வைரவநாதரும் மறுமுனையைத் தலைமைத் தச்சரும் தோளில் சுமந்தார்கள். பின்னால் யானைமேல் மன்னர், நிச்சயதார்த்தச் சீர்வரிசையாக இருபத்தொரு தட்டுகளோடு. கதவில் எழுதியிருந்த கரியைச் சந்தையிலேயே, நாலுபேர் முன்னால், பூவணன் தேய்த்துக் கழுவியிருந்தான்.

வாசலில் வடிவம்மை இடுப்பில் கைவைத்து நின்றாள். வைரவநாதர் மூச்சு வாங்கக் கதவை நிலையில் பொருத்தினார். அவள் ஒருமுறை சாத்திப் பார்த்தாள். திறந்து பார்த்தாள்.

"கொஞ்சம் மேலே தூக்குங்க, ஐயா. கீழே உரசுது."

யானைமேலிருந்த மன்னர் சிரித்த சிரிப்பில் அம்பாரி ஆடியது. வைரவநாதர் கதவைக் கழற்றி மறுபடி தூக்கினார்.