நடக்க நடக்கக் குறைந்த சுங்கம்

ஆற்றை எல்லையாகக் கொண்ட ஒரு காட்டில், அக்கரையிலிருந்து வரும் எந்தப் பொருளுக்கும் சுங்கம் உண்டு. கால்வாசியை ஆற்றுத்துறையில் கொடுத்துவிட வேண்டும். அரசனான சிங்கம் அதைப் பொதுத்திடலில் கொட்டச் செய்யும். வயதான விலங்குகளும் நோயுற்றவையும் அங்கே வந்து எடுத்துக்கொள்ளும். துறையில் நின்று சுங்கம் வாங்கும் வேலை நரிக்கு.

அக்கரை மலையில் ஒரு வரையாடு இருந்தது. அது பாறை இடுக்குகளிலிருந்து உப்புக்கட்டிகளைப் பெயர்த்து, கொடியால் பின்னிய பையில் சுமந்து வந்து இக்கரை விலங்குகளுக்குக் கொடுக்கும். பதிலுக்கு, மலையில் கிடைக்காத மூங்கில் குருத்துகளை வாங்கிப் போகும்.

அந்த ஆண்டு பெருமழை பெய்தது. காட்டிலிருந்த உப்புமண் முழுவதையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. மான்களுக்கும் யானைகளுக்கும் நக்குவதற்கு ஒரு பிடி மண் இல்லை. பால் கொடுக்கும் தாய்கள் மெலிந்தன. குட்டிகளுக்குக் கால்கள் தள்ளாடின.

சிங்கம் நரியை அழைத்தது.

"இன்று முதல் உப்புக்குச் சுங்கம் கிடையாது. துறைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடு."

"அப்படியே அரசே" என்றது நரி.

மறுநாள் வரையாடு துறைக்கு வந்தது.

"சுங்க விதி ஏதோ மாறியிருப்பதாகக் கொக்குகள் பேசிக்கொண்டன. உண்மையா நரியாரே?"

"மாறித்தான் இருக்கிறது. உப்புக்கு இனிமேல் பாதி."

"பாதியா? கால்வாசிதானே கொடுத்து வந்தேன்?"

"வெள்ளத்துக்குப் பிறகு எல்லாமே ஏறிவிட்டது. விதி போடுவது நானா? பையை இறக்கு."

வரையாடு பாதி உப்பை எடுத்து வைத்துவிட்டு நடந்தது. நரி அதை இழுத்துக்கொண்டு போய்த் தன் வளையில் ஒளித்து வைத்தது. தட்டுப்பாடு முற்றினால் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பது அதன் கணக்கு. அடுத்தடுத்த முறையும் இதுவே நடந்தது.

ஒரு நாள் காட்டுக்குள் ஒரு கடமான் தன் குட்டியோடு காத்திருந்தது. பையைப் பார்த்ததும் அதன் முகம் வாடியது.

"இவ்வளவுதானா அண்ணா?"

"பாதியைத் துறையில் கொடுத்துவிட்டேன் அம்மா. அரசர் பங்கு."

"அரசர் பங்கு பொதுத்திடலுக்குத்தானே வரும்? வெள்ளம் வடிந்ததிலிருந்து அங்கே ஒரு கட்டிகூட விழவில்லையே. நேற்றும் இவனை அழைத்துப் போய்க் காத்திருந்துவிட்டு வெறுமனே வந்தேன்."

வரையாடு இருந்த உப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. மலைக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனது.

அடுத்த முறை பை பிதுங்கப் பிதுங்க உப்போடு வந்தது.

"பாதியை எடுத்து வை" என்றது நரி.

"உங்களுக்கு ஏன் சிரமம்? அரசரின் குகை வழியாகத்தான் போகிறேன். அவர் பங்கை நானே சேர்த்துவிடுகிறேன்."

"அதெல்லாம் வழக்கமில்லை."

"சுமை அதிகம் நரியாரே. நீங்கள் கொண்டு போகும்போது ஏதாவது குறைந்தால் பழி உங்கள் மேல் அல்லவா விழும்?"

சொல்லிக்கொண்டே வரையாடு நடக்கத் தொடங்கியது. நரி பின்னாலேயே ஓடியது. மருத மரத்தடியில் வந்து வழிமறித்தது.

"உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. உனக்கு மட்டும் கால்வாசி போதும்."

"எனக்கு மட்டும் சலுகை எதற்கு? பாதியையே கொடுத்துவிடுகிறேன்."

மூங்கில் புதர் தாண்டியதும் நரி மறுபடி முன்னே வந்தது.

"சரி, ஒரே ஒரு கட்டி கொடு. அரசரிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

"இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நானே பேசிவிடுகிறேன்."

குகை கண்ணுக்குத் தெரிந்தது. நரிக்கு மூச்சு வாங்கியது.

"இன்றைக்குச் சுங்கமே வேண்டாம். இப்படியே திரும்பிப் போய்விடு" என்று கெஞ்சியது.

வரையாடு நின்றது.

"துறையில் பாதி, மரத்தடியில் கால்வாசி, புதரைத் தாண்டினால் ஒரு கட்டி, குகை வாசலில் ஒன்றுமே இல்லை. நடக்க நடக்கக் குறைகிற விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை நரியாரே."

பேச்சுச் சத்தம் கேட்டுச் சிங்கம் வெளியே வந்தது.

"என்ன சுமை அது?"

"உங்கள் பங்கு அரசே. உப்பில் பாதி."

"உப்புக்கா? வெள்ளம் வடிந்ததுமே அந்தச் சுங்கத்தை எடுத்துவிட்டேனே. நரி உன்னிடம் சொல்லவில்லையா?"

வரையாடு நரியைப் பார்த்தது. நரி தரையைப் பார்த்தது.

அன்றைக்கே சிங்கத்தின் கட்டளைப்படி விலங்குகள் நரியின் வளையைத் தோண்டின. ஒளித்து வைத்திருந்த கட்டிகள் எல்லாம் பொதுத்திடலுக்கு வந்து சேர்ந்தன. கடமானின் குட்டி ஒரு கட்டியை விடாமல் நக்கியது. இனிப் பிழைத்துக்கொள்வான் என்று தாய் பெருமூச்சு விட்டது.

நரியின் வேலை நீர்நாய்க்குப் போனது. "எந்த விதி மாறினாலும் இரண்டு கரையிலும் நின்று உரக்கச் சொல்ல வேண்டும்" என்று சிங்கம் கட்டளையிட்டது. நீர்நாய் உடனே நீந்திப் போய் இரண்டு கரையிலும் சொல்லிவிட்டு வந்தது.

அடுத்த முறை வரையாடு துறைக்கு வந்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றது.

"ஏன் நிற்கிறீர்கள்?" என்று கேட்டது நீர்நாய்.

"பழக்கம்" என்றது வரையாடு.

"உப்புக்கு இங்கே வேலை இல்லை. போங்கள், குட்டிகள் காத்திருக்கின்றன."

வரையாடு சிரித்துக்கொண்டே முழுப் பையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது.

நீதி: விதி மாறிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அதை விதித்தவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.