திறக்காத மூடி

மண்ணில் செய்த கார் முடிந்துவிட்டது. பின்பக்கத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த இடம்தான் நல்லசிவத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், கார்களுக்கு உருவம் வரைந்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். அமெரிக்காவில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஓடிய ஒரு முரட்டுக் காரை மறுபடி கொண்டுவரப் போகிறார்கள். நீண்ட மூக்கு, அகன்ற இடுப்பு, கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் உறுமல். முகம் பழையதாகவே இருக்க வேண்டும், உள்ளே இருப்பதெல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி வேலையை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். களிமண்ணில் முழு அளவுக்குச் செய்து பார்ப்பது அங்கே வழக்கம். இரண்டு வருடம் அவர் அந்த மண்ணோடுதான் கிடந்தார்.

பழைய காருக்குப் பின்னால் நடுவில் வட்டமாக ஒரு மூடி இருந்தது. அதைத் திருகித் திறந்துதான் பெட்ரோல் ஊற்றுவார்கள். பின்னால் யாராவது மோதினால் ஆபத்து என்று பிற்பாடு அந்த வாயைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதிய காருக்கும் பக்கவாட்டில்தான் வாய். ஆனால் பின்னால் அந்த வட்டம் இல்லாவிட்டால், பழைய காரை நேசித்தவர்கள் இது அதுவே இல்லை என்று போய்விடுவார்கள். அதனால் ஒரு மூடியைச் செய்து ஒட்டிவிடலாம் என்றார்கள். திறக்காத மூடி.

ஒட்டினால் பொய்யாகப் பட்டது. எடுத்தால் மொட்டையாகப் பட்டது. நல்லசிவம் ஒட்டினார், எடுத்தார், மறுபடி ஒட்டினார். கூட வேலை பார்க்கும் ஷெரின், "டோப்பா வைக்க இவ்வளவு யோசிக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தார்.

அவருடைய குழப்பத்துக்கு வேறு ஒரு வேரும் இருந்தது. அவரைப் பெற்ற வாரத்திலேயே அவருடைய அம்மா இறந்துபோனாள். அவளுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. பிள்ளை ஏங்கக் கூடாதே என்று அப்பா யாரோ ஒரு பெண்ணின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, அம்மா என்று கும்பிடச் சொல்லியிருந்தார். மீசை முளைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அன்றைக்கே அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார். அதிலிருந்து, ஒப்புக்கு வைத்த எதைப் பார்த்தாலும் அவருக்கு ஆகாது.

மறுநாள் அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மூடியை ஏன் வைத்தாய், அல்லது ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள். சொல்லத் தெரியாமல் முழித்தால் கார் வேறு ஒருவர் கைக்குப் போய்விடும். நல்லசிவம் மூடியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு குருவைப் பார்க்கப் போனார்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் ஓட்டுக் கொட்டகை போட்டுக்கொண்டு குரு இருந்தார். நல்லசிவத்தைவிடப் பத்து வயது இளையவர். குரு என்று இவர் கும்பிடுவார், மூத்தவர் என்று அவர் கும்பிடுவார். யார் முந்துவது என்று இரண்டு பேரும் வாசலில் குனிந்து நிற்பது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

அன்று குரு சாப்பிட உட்கார்ந்திருந்தார். இடுப்பில் வேட்டி, எதிரே இலையில் தயிர்ச்சோறு. சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டு, நல்லசிவம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். அப்பா மாட்டிய படத்தைக்கூட விடவில்லை.

குரு இடது கையால் மூடியை எடுத்துத் திருகிப் பார்த்தார்.

"திறக்கலையே."

"திறக்காது சாமி. உள்ளே வழியே இல்லை."

"அப்புறம் எதுக்கு?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

குரு தலையாட்டினார். ஒரு கவளம் சோற்றை உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோவார் என்று பார்த்தால், குனிந்து தன் தொப்புளில் வைத்து அழுத்தினார். சோறு வேட்டியில் விழுந்தது. இன்னொரு கவளம் உருட்டி மறுபடியும் அழுத்தினார். தயிர் வயிற்றில் வழிந்தது.

குருவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதோ, யாரையாவது கூப்பிடலாமோ என்று நல்லசிவம் அக்கம்பக்கம் பார்த்தார். சோறு வேறு வீணாகிறதே என்று மனது அடித்துக்கொண்டது.

"சாமி, வாய் மேலே இருக்கு."

"இதுவும் வாயா இருந்ததுதானே?"

"அது பிறக்கறதுக்கு முன்னாலே. இப்போ அடைஞ்சுபோச்சு."

"இப்போ எதுக்கு ஆகும்?"

"எதுக்கும் ஆகாது. சும்மா இருக்கு."

"சும்மா இருக்கறதை ஏன் சுமக்கணும்? வழவழன்னு ஒரு வயிறு வரைஞ்சு கொடுங்களேன். உங்க தொழில்தானே?"

கேட்டதும் நல்லசிவத்தின் கண் தன்னால் அந்த வயிற்றைத் திருத்திப் பார்த்தது. துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மையின் வயிறு போல இருந்தது. சகிக்கவில்லை. சட்டென்று பிடி கிடைத்த மாதிரி இருந்தது, உடனே நழுவியும் போனது.

"ஆனா சாமி, இது நிஜமாவே சாப்பாடு போன வழி. தானா வந்த தழும்பு. இந்த மூடியை எங்கேயோ செஞ்சு, நான் என் கையால ஒட்டறேன். எங்க அப்பா படம் மாட்டினது மாதிரிதானே இது?"

குரு இலையை மடித்து வைத்தார். செம்புத் தண்ணீரை ஊற்றிக் கையையும் வயிற்றையும் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டார். வருவதற்கு முன்பு இருந்ததைவிட இப்போது குழப்பம் கூடிவிட்டதே என்று நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

"உங்க தொப்புள்கொடியை அறுத்து முடிச்சுப் போட்டது உங்க அம்மாவா?"

"இல்லை சாமி. ஊர் மருத்துவச்சின்னு சொல்வாங்க."

"யாரோ ஒருத்தி கை."

"ஆமா."

குரு மூடியையும் அதே துண்டால் துடைத்து அவர் கையில் கொடுத்தார். பிறகு அவருடைய வயிற்றைக் காட்டினார்.

"படத்தைக் கழட்டிட்டீங்க. இதைக் கழட்டலையே."

நல்லசிவத்தின் ஒரு கையில் மூடி இருந்தது. இன்னொரு கை, சட்டைக்கு மேலாகவே, வயிற்றில் எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது.