பேராசிரியர் சொன்ன பொம்மை

இருட்டிலும் பார்க்கும் கேமரா ஒன்றைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்திருந்தார்கள். அரசு அனுமதி இல்லாமல் அது நாட்டைத் தாண்டக் கூடாது. பேராசிரியர் தில்லைவில்லாளனுக்கோ ஜெர்மனி மாநாட்டில் அதைக் காட்டிப் பெயர் வாங்கும் ஆசை. கூடவே வரவிருந்த ஆய்வு மாணவி செண்பகவல்லியை அழைத்தார்.

"உன் பெட்டியில வச்சுக்கோம்மா. கேட்டா பொம்மைன்னு சொல்லிடு."

"மாட்டினா என்னைத்தானே சார் பிடிப்பாங்க?"

"பொம்மைக்காக யாரும்மா பிடிப்பாங்க? உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடணுமா, வேண்டாமா?"

செண்பகவல்லி கேமராவை வாங்கிக்கொண்டாள்.

புறப்படும் நாளில் துணைவேந்தர் அம்மையார் சால்வையோடு வழியனுப்ப வந்தார். செண்பகவல்லி பெட்டியைத் திறந்து கேமராவை அவரிடம் நீட்டினாள்.

"பெட்டி கனக்குது மேடம். இந்தப் பொம்மையை உங்க பேத்திக்குக் கொடுங்க. பொம்மைன்னு சார்தான் சொன்னாரு."

அம்மையார் அதைக் குலுக்கிப் பார்த்தார். பேராசிரியர் அலறினார்.

"ஐயோ மேடம், ஆட்டாதீங்க! நாட்டுலயே இது ஒண்ணுதான் இருக்கு!"

"ஓ, நம்ம ஆய்வகக் கேமராவா இது? அதை அனுமதி இல்லாம இவ பெட்டியில வச்சது யாரு?"

பேராசிரியர் சமாளித்தார். "சும்மா... இவளுக்கு விதிமுறை தெரியுமான்னு ஒரு பரீட்சை வச்சேன் மேடம்."

"தேறிட்டாளா?"

"தேறிட்டா மேடம்."

"அப்ப அவ ஆய்வேட்டுல கையெழுத்தைப் போட்டுட்டு வண்டியில ஏறுங்க" என்று பேனாவை நீட்டினார் துணைவேந்தர்.