ஒரு சாணுக்குக் கீழே

மழை விட்டு நான்கு நாளாகியும் மடத்துக் கடலைக்காட்டில் தண்ணீர் வற்றவில்லை. செடிகள் மஞ்சளடித்துப் போய் நின்றன.

காட்டைப் பார்த்துக்கொள்ளும் சுடலைமுத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் செடிமேல் இல்லை. தூரத்தில், ரோட்டோர பஸ் நிறுத்தத்தில், அவருடைய ஒரே மகன் இசக்கி பையோடு நின்றுகொண்டிருந்தான். மறுநாள் வேலைக்காக அவனுக்கு மஸ்கட்டுக்கு விமானம். அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போக வந்தவன், சொல்லிவிட்டுக் கிளம்பியும் விட்டான்.

மடத்தை நடத்தும் வடிவம்மாள் அங்கே வந்தாள். சுடலைமுத்துவைவிட வெகு இளையவள். ஆனாலும் அவர் அவளைத்தான் குருவாக ஏற்றிருந்தார். ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

"என்ன அண்ணாச்சி, பிள்ளை அதுக்குள்ள கிளம்பிட்டானா?"

"கிளம்பிட்டாம்மா."

"என்ன பேசினீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன். அங்க வெயிலு கூடுதலாமே, உடம்பப் பாத்துக்கோன்னேன்."

"அவன்?"

"முட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டான். தேவலைன்னேன்."

"போன வருசம் வந்தப்போ?"

"அப்பவும் இதேதான்." சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாதும்மா. நல்லபடியாத்தான் பேசிக்கிடுதோம். இனி எப்ப வருவானோ, வருவானான்னே தெரியல. பெத்த பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கும்போதே எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கு. ஏம்மா அப்படி?"

வடிவம்மாள் மோட்டார் அறைக்குப் போய் ஒரு கடப்பாரையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"குத்துங்க."

இதென்ன கூத்து என்று நினைத்தபடியே அவர் காட்டில் இறங்கிக் குத்தினார். ஒரு சாண் வரைக்கும் சிரமமில்லாமல் இறங்கியது. அப்புறம் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்திப் பார்த்தார். ம்ஹூம்.

"பாறையா அண்ணாச்சி?"

"பாறை எங்க இருக்கு இங்க? மண்ணுதான். இறுகிக் கிடக்கு."

"எதனால?"

"வருசா வருசம் டிராக்டர்ல ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டுதோம்லா. மேல மாவு மாதிரி ஆயிரும், பாக்க அழகா இருக்கும். ஆனா அது ஒரு சாணுக்குக் கீழ போகாது. ஒரே ஆழத்துல ஓட்டி ஓட்டி, அடிமண்ணு தளம் போட்ட மாதிரி ஆயிட்டு. தண்ணி இறங்க வழியில்ல."

"பக்கத்துக் காட்டுல தண்ணி நிக்கலையே?"

"அவங்க உளிக்கலப்பை விட்டு ஆழமாக் கீறிட்டாங்க."

"நீங்க ஏன் கீறல?"

"கட்டி கட்டியாப் பேந்து வரும்மா. காடே அலங்கோலமாயிரும். அதைப் பாக்க மனசு வரல. அடுத்த வருசம் பாப்போம்னு விட்டுட்டேன்."

வடிவம்மாள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள்.

"இசக்கியோட அம்மா தவறி எவ்வளவு நாளாச்சு?"

"ஆறு வருசம்."

"அவங்களைப் பத்தி நீங்களும் அவனும் பேசினதுண்டா?"

சுடலைமுத்து கடப்பாரையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா. அந்தப் பேச்சை எடுத்தா அவன் தாங்க மாட்டான். நானும் தாங்க மாட்டேன்."

"அவங்க பேரு என்ன?"

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பேரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆவுடை," என்றார். அவ்வளவுதான். கடப்பாரையைப் பிடித்தபடியே, தண்ணீருக்குள் நின்றுகொண்டு, பச்சைப்பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதார்.

வடிவம்மாள் தேற்றவில்லை. அவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய அண்ணாச்சி? பஸ் இன்னும் வரல. ஓடுங்க."